மதகடி வெயில்

எனக்கு சினிமா பிடிக்கும். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இன்ஸ்பெக்டர் ஐயா, நேற்று நீங்கள் என்னிடம் நல்லபடியாகத்தான் பேசினீர்கள். டீ வாங்கிக் கொடுத்தீர்கள். "டைரக்டர் கட் சொல்லல, உனக்கு விளங்கல. விபத்துன்னு எழுதிக்கலாம் முனிரத்தினம்" என்றீர்கள். எழுத ஆள் வேண்டாம், நானே எழுதித் தருகிறேன் என்றதும் சிரித்தீர்கள். நாற்பது வயதுக்கு மேல் கற்ற எழுத்து இது, கோணலாகத்தான் இருக்கும். என் பெண்டாட்டி செங்கேணி உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒட்டியிருந்த சினிமா போஸ்டர்களைக் காட்டித்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். போஸ்டருக்குப் பிறகு லைப்ரரியில் கதைப் புத்தகம். அச்சில் இருப்பதெல்லாம் நடந்தது என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை என்று தெரிந்தபோது ஒரு வாரம் புத்தகத்தைத் தொடவில்லை.

நீங்கள் விபத்து என்று எழுதினால் அதுவும் அப்படித்தான் ஆகும். அதனால் நடந்ததைச் சொல்கிறேன்.

என் அண்ணன் பாண்டுரங்கன் எங்கள் ஊர் ஏரிக்கு நீர்க்கட்டியாக இருந்தான். மதகைத் திறந்து, வயலுக்கு வயல் தண்ணீர் திருப்பிவிடுகிற வேலை. ஏரி நிறைந்திருக்கும்போது மதகைத் திறக்க ஒரு ஆள் போதாது. ஒருவன் முங்கி அடியில் இருக்கிற அடைப்பை இழுக்க வேண்டும். தண்ணீர் அவனை மேலே தள்ளும். அதனால் இன்னொருவன் மதகுப் படியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, அவன் முதுகை இரண்டு கையாலும் கீழே அமுக்கிப் பிடிப்பான். முங்கினவனுக்கு மூச்சு முட்டினால் பிடித்திருப்பவன் காலில் இரண்டு தட்டு தட்டுவான். உடனே விட்டுவிட வேண்டும். தண்ணீருக்குள் பேச இருக்கிற பாஷை அவ்வளவுதான்.

எனக்கு அப்போது இருபது வயது. ஒரு நாள் சாயங்காலம் ஏரிக்கரை மேல் வந்துகொண்டிருந்தேன். மேற்கே வெயில் தண்ணீரில் பட்டுத் தகடு மாதிரி அடித்தது. மதகுப் படியில் வீராசாமி நின்றிருந்தார். ஊரில் பாதி நிலம் அவருடையது. எங்கள் ஆட்களைத் தொட்டுப் பேசாதவர். அதற்கு முந்தின நாள்தான் யார் வயலுக்கு முதலில் தண்ணீர் என்று அண்ணனோடு அவருக்கு வாய்த்தகராறு. அவர் குனிந்து அண்ணன் முதுகைத் தண்ணீருக்குள் அழுத்திக்கொண்டிருந்தார். நான் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது அவர் தலையில் அடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார். அண்ணன் மிதந்தான்.

"ஆள் வரல, பயிர் காயுது, நானே புடிச்சேன். அவன் தட்டனது எனக்கு விளங்கல" என்று அவர் போலீசில் சொன்னார். தொட்டுப் பேசாதவர் தொட்டுப் பிடித்தாராம். அமுக்கிக் கொன்றார், நான் பார்த்தேன் என்றேன். "கண்ணு கூசியிருக்கும்டா. சினிமாக் கொட்டாய் இருட்டுல இருந்து வந்தவன் நீ, வெயில்ல இன்னாத்தப் பாத்த?" என்றார்கள். நான் மேட்னி பார்த்துவிட்டு வந்தது எல்லோருக்கும் தெரியும். வழக்கமாக அண்ணனைப் பிடிக்கிற ஆள் நான்தான். அது இங்கே விஷயமில்லை. யாரோ எதையோ எழுதினார்கள், நான் பெருவிரல் வைத்தேன்.

வீராசாமி வயதாகிக் கட்டிலில் செத்தார். அவர் மகன் சுகுமார் நல்ல மனுஷன். எங்கள் தெருவுக்குள் வருவார், தண்ணீர் வாங்கிக் குடிப்பார். அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. இதை அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

போன வருஷம் சென்னையிலிருந்து ஷாரோன் என்ற பெண் ஒரு படம் எடுக்க வந்தார். டைரக்டர். நான் லைட்டு தூக்கப் போனேன். சாப்பாட்டு நேரத்தில் அண்ணன் கதையைச் சொன்னேன். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். எடுக்க வந்த படத்தை விட்டுவிட்டு இதையே எடுக்கிறேன் என்றார்.

"கொலையா ஒத்தாசையான்னு பாக்கறவங்களுக்குக் கடைசி வரைக்கும் தெரியக் கூடாதுண்ணா. அவன் பாத்தது நெஜமா, கண்ணோட மயக்கமா? அதான் படம்."

"எனக்காவது தெரியணும்ல மேடம்?"

"உங்களுக்கே தெரியாதுங்கறதுதான் அழகு" என்று சிரித்தார்.

முப்பது வருஷத்துக்கு மேல் நான் தூக்கம் கெட்டது அவருக்கு அழகாக இருந்தது. கோபம் வரவில்லை. ஆனால் அது மனதில் தங்கிவிட்டது.

இந்த வருஷம் ஏரி நிறைந்ததும் ஷூட்டிங் தொடங்கியது. நீர்க்கட்டி வேஷத்துக்கு சுகுமாரே வந்தார். அவருக்கு நீச்சல் தெரியும், நடிக்க ஆசை, இடமும் அவருடையது. "எங்கப்பா எப்படிப்பட்டவருன்னு ஊருக்குத் தெரியும். படம்தான, வுடு" என்றார். முறுக்கு மீசை இருந்ததால் பண்ணைக்காரர் வேஷம் எனக்கு. அவர் சிவப்புத் தோலில் கறுப்பு மை பூசினார்கள். எனக்குச் சலவை வேட்டி கட்டிவிட்டார்கள். ஊரே வேலைக்குப் போகாமல் கரையில் உட்கார்ந்து சிரித்தது.

"இன்னா நைனா, வேட்டி மடிப்பு கலையாம நிக்கற? பாத்து அமுக்கு, வூட்ல புள்ள குட்டி கீது" என்றார் சுகுமார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். காலில் இரண்டு தட்டு தட்டினால் விட்டுவிடுவேன் என்று அவருக்கு நான்தான் சொல்லிக் கொடுத்தேன். கேமராவை எங்கே வைக்க வேண்டும் என்றும் நான்தான் காட்டினேன். அன்றைக்குக் கரையில் நான் நின்ற அதே இடம். அதே நேரத்து வெயில்.

முதல் தடவை அவர் தட்டினார், விட்டேன். இரண்டாம் தடவையும் விட்டேன். ஷாரோன் சின்ன டிவியில் பார்த்துவிட்டு, "நெஜம் மாதிரி இல்லண்ணா. பொய்யாப் புடிக்கிறது தெரியுது" என்றார்.

அவர் சொன்னது சரி. அப்போதுதான் எனக்கு விளங்கியது. பொய்யை எடுத்து வைத்துக்கொண்டு நான் பார்த்ததோடு எப்படி ஒப்பிடுவது? நெல் நல்லதா பதரா என்று பார்க்க வேண்டுமென்றால் நல்ல நெல் ஒன்று கையில் இருக்க வேண்டும். நிஜமான கொலை அந்த இடத்திலிருந்து, அந்த வெயிலில் எப்படித் தெரியும் என்று ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும். எனக்கும் தெரிந்துவிடும், ஊருக்கும் தெரிந்துவிடும். இவ்வளவுதான் நான் நினைத்தது.

மூன்றாம் தடவை அவர் முங்கினார். முதுகில் கை வைத்தேன். காலில் இரண்டு தட்டு வந்தது. பிடித்துக்கொண்டேன். மறுபடி இரண்டு தட்டு. பிறகு தட்டாக இல்லை, காலைப் பிறாண்டினார். முட்டிக்குக் கீழே அந்தக் காயம் இன்னும் இருக்கிறது, டாக்டரை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். ஷாரோன் கட் சொல்லவில்லை, அவருக்கு அது பிடித்திருந்தது. முதுகு தளர்ந்தது கைக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் பிடித்திருந்தேன், அவசரப்பட்டு ஒரு வேலையைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்று. நான் கையை எடுத்தபோது கரையில் கை தட்டினார்கள்.

அவர் மிதந்ததும் எல்லோரும் தண்ணீரை நோக்கி ஓடினார்கள். நான் கரையேறி அந்த டிவிப் பெட்டிக்கு முன்னால் போய் நின்றேன். என் வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டியது. பெட்டியைப் பார்த்துக்கொள்கிற பையனிடம் திருப்பிப் போடச் சொன்னேன். என்ன நடக்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை, போட்டுவிட்டான். செங்கேணி என் பின்னால் வந்து நின்றாள். இவ்வளவு வருஷமாக என்னோடு சேர்ந்து தூக்கம் கெட்டவள் அவள்.

வெயிலில் தகடு மாதிரித் தண்ணீர். மதகுப் படியில் ஒரு ஆள் குனிந்து இன்னொருவன் முதுகை அமுக்கிப் பிடித்திருக்கிறான். நான் அன்றைக்குப் பார்த்தது இதேதான். ஒரு இம்மி குறையவில்லை. பார்த்தாயா என்று செங்கேணியைத் திரும்பிப் பார்த்தேன்.

அவள் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யோவ், இதப் பாத்தா நீ அமுக்கிக் கொல்றா மாதிரி இல்லியே" என்றாள். "மதகு தொறக்க ஒத்தாசை பண்றா மாதிரிதான கீது. அப்போ அன்னிக்கு நீ பாத்தது..."

முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கரையோடு நடந்து போய்விட்டாள். அவளை விசாரிக்கக் கூப்பிட்டால் இதையும் சொல்வாள். நீங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம் ஐயா. அந்த நேரத்து வெயிலில் அவளுக்குக் கண் கூசியிருக்கும்.