எங்கே போகுது இந்த இரும்பு?

– தலையை ஆட்டாதேக்கா. சோப்பு கண்ணுல போயிடும்.

– கழுத்து வலிக்குதுடி. உன் பார்லருக்கு வர்றவங்கல்லாம் இந்தத் தொட்டியில எப்படித்தான் சும்மா சாய்ஞ்சு கிடக்குறாங்களோ.

– அவங்க காசு குடுத்துச் சாயறாங்க. நீ ஓசி. ஓசிக்கு வந்தா வலிக்கத்தான் செய்யும். ஐயோ கடவுளே, இங்க பாரு, கையோட எவ்வளவு முடி வருதுன்னு.

– வயசாகுதுல்ல.

– நாப்பத்தாறெல்லாம் ஒரு வயசா? எங்கிட்ட வர்ற ரிட்டயர்டு டீச்சருக்கு உன்னைவிட ரெண்டு பங்கு முடி இருக்கு. எங்க, கையை நீட்டு.

– எதுக்கு?

– நீட்டுன்னா நீட்டேன். நகத்தைப் பாரு. நடுவுல குழிஞ்சு கரண்டி மாதிரி இருக்கு. ஒரு சொட்டுத் தண்ணி விட்டா அப்படியே நிக்கும்.

– ஸ்டியரிங் புடிச்சுப் புடிச்சு அப்படி ஆயிருக்கும்.

– ஸ்டியரிங் புடிச்சா உள்ளங்கை காய்ச்சுப் போகும். நகமா குழியும்? உண்மையைச் சொல்லு, இரும்பு மாத்திரை சாப்பிடறியா இல்லையா?

– சாப்பிடறேன்டி தாயே. சாப்பிட்டா ஏறுது, நிறுத்தினா இறங்குது. இறங்கினா மறுபடி எழுதிக் குடுக்கறாங்க. பொம்பளைங்கன்னா அப்படித்தான் இருக்கும்னு சொல்லிட்டாங்க.

– யாரு சொன்னது?

– யாரு சொல்லலை? போன இடத்துல எல்லாம் அதையேதான் சொன்னாங்க.

– உன் வேன் டயர்ல காத்து இறங்கிப் போச்சுன்னா என்ன பண்ணுவே?

– காத்து அடிப்பேன்.

– மறுநாளும் இறங்கியிருந்தா?

– எங்க பஞ்சர்னு பார்ப்பேன்.

– வேனுக்கு அது தெரியுது. உனக்கு மட்டும் வருஷக்கணக்கா காத்து அடிச்சுக்கிட்டே இருக்கே.

– நல்லாப் பேசறே. வாயை வச்சே பார்லர் நடத்திடுவே போலிருக்கு. துண்டைக் குடு.

– இரு, நான் துவட்டி விடறேன். என்னக்கா, ஒரு மாதிரி இருக்கே? சும்மா தலைகுளிக்கவா வந்தே?

– ஒண்ணுமில்ல.

– உன் 'ஒண்ணுமில்ல' எனக்குத் தெரியாதா? சொல்லு.

– காலையில ஸ்கூல் வாசல்ல வண்டியை நிறுத்தி இறங்கினேன். கண்ணு இருட்டிக்கிட்டு வந்துடுச்சு. கதவைப் புடிச்சுக்கிட்டு நின்னேன். புள்ளைங்கல்லாம் 'டிரைவர் ஆன்ட்டி, கதவைத் திறங்க'ன்னு கத்துதுங்க. எனக்குக் காது கேட்குது, கை வரலை.

– அக்கா...

– நிறுத்தினப்புறம் வந்துச்சு. ஓட்டறப்ப வந்திருந்தா? வண்டி நிறையப் புள்ளைங்கடி.

– சாவியை எடு.

– எதுக்கு?

– எடுன்னா எடு. நாளையிலேருந்து வேற டிரைவரைப் போடு. நாம டாக்டர்கிட்ட போறோம். மாத்திரை எழுதறவங்ககிட்ட இல்ல, கேள்வி கேட்கறவங்ககிட்ட. எங்கிட்ட ஒரு டாக்டரம்மா முடிவெட்ட வருவாங்க. உட்கார்ந்து எந்திரிக்கறதுக்குள்ள ஆயிரம் கேள்வி கேட்பாங்க.

– இவ்வளவு அதிகாரம் பண்றியே, இதை உனக்கு ஒரு புள்ளையைப் பெத்து அதுமேல பண்ணக் கூடாதா?

– ஆரம்பிச்சுட்டியா. வீட்ல ஒரு நாய், ஒரு புருஷன். ரெண்டையும் குளிப்பாட்டவே எனக்கு நேரம் பத்தலை. சாவி.

*

– உட்காருங்கம்மா. நீங்கதான் அக்காவா? தங்கச்சி வாயைத் திறந்தா உங்களைப் பத்தித்தான்.

– நான் வரலைன்னுதான் சொன்னேன் டாக்டர். வேன் சாவியைப் புடுங்கி வச்சுக்கிட்டா.

– டாக்டர், எங்கக்கா சொல்றதுல பாதியை நம்பாதீங்க. கை ஒடிஞ்சு தொங்கினாக்கூட ஒண்ணுமில்லம்பா.

– சரி, பாதியை நான் நம்பறேன், மீதியை நீங்க சொல்லுங்க. பழைய ரிப்போர்ட்டெல்லாம் பார்த்தேன்மா. ரத்தம் குறைவு, இரும்பு குறைவு. இது வியாதி இல்லை. வியாதி எங்கேயோ ஒளிஞ்சிருக்குன்னு உடம்பு குடுக்கற தகவல். உள்ள போறது பத்தலையா, போனது சேரலையா, சேர்ந்தது எங்கேயோ கசிஞ்சு போகுதா, அதைக் கண்டுபிடிக்கணும். மாத்திரையை எதோட முழுங்குவீங்க?

– டீயோட. காலையில வண்டி எடுக்கறப்ப அதுக்குத்தான் நேரம்.

– டீ அந்த இரும்பைச் சேர விடாது. அது ஒண்ணு. ஐஸ் கட்டி, சாக்பீஸ், இப்படி எதையாவது கடிக்கத் தோணுமா?

– ஐயோ டாக்டர், எங்கக்கா ஃபிரிட்ஜைத் திறந்தா ஐஸை எலி மாதிரி கொறிச்சுக்கிட்டே நிப்பா. வெயிலுக்குன்னு நினைச்சேன்.

– ரொம்ப நாள் இரும்பு குறைஞ்சா சிலருக்கு அப்படி ஆசை வரும். வலி மாத்திரை ஏதாவது?

– முதுகு வலிக்கு, எப்பவாவது.

– தினம் டாக்டர்.

– சும்மா இரேன்டி! ...ஆமா டாக்டர், தினம்தான்.

– அதை இன்னையோட நிறுத்துங்க. வயித்துல புண்ணாக்கி ரத்தம் கசிய வைக்கும். மாசாமாசம் எப்படிப் போகுது?

– எல்லாரையும் போலத்தான்.

– எல்லாரையும் போலன்னா?

– எட்டு நாள், ஒன்பது நாள். முதல் ரெண்டு மூணு நாள் மணிக்கு ஒரு தடவை மாத்துவேன். வேன் சீட்ல ஒரு ரப்பர் ஷீட் போட்டு மேல துண்டு விரிச்சிருக்கேன். அதனால தொந்தரவு இல்லை.

– அந்த ஷீட் மழைக்குன்னு சொன்னியேக்கா!

– மழைக்கும்தான்.

– அம்மா, இது எல்லாரையும் போல இல்லை.

– நான் யாரோட ஒப்பிட்டுப் பார்க்கறது டாக்டர்? எனக்கு ஆரம்பிச்சப்ப வீட்ல கேட்க ஆள் இல்லை. கையில இவளை வச்சிருந்தேன். இதுதான் போலன்னு இருந்துட்டேன்.

– சரி. பல் ஏதாவது புடுங்கியிருக்கீங்களா?

– ஒண்ணு. விடியறதுக்குள்ள தலகாணி உறை பூரா ரத்தம்.

– எங்கேயாவது லேசா இடிச்சா?

– கன்னிப் போகும். நீலமா நாலஞ்சு நாள் இருக்கும்.

– பிரசவம்?

– ஒரே பையன். அப்ப ரத்தம் ஏத்தித்தான் அனுப்பினாங்க.

– உங்கம்மாவுக்கு இப்படி ஏதாவது இருந்துச்சா?

– ...ஏய் வாலு, எனக்குத் தண்ணி வாங்கிட்டு வாயேன்.

– உன் பையிலயே பாட்டில் இருக்கே.

– அது வெந்நி மாதிரி இருக்கு. குளிர்ந்ததா வேணும். போயேன்டி.

– ஐஸ் போட்டா? சரி, முறைக்காதே, போறேன். டாக்டர், நான் வர்றதுக்குள்ள எதையாவது ஒண்ணுமில்லன்னு சொன்னா நம்பாதீங்க.

– போயிட்டாளா?

– போயிட்டாங்க. சொல்லுங்கம்மா.

– எங்கம்மா இவளைப் பெத்தப்பதான் போனாங்க. ரத்தம் நிக்கவே இல்லை. வீட்ல இருந்த பழைய துணியெல்லாம் எடுத்துக் குடுத்தது நான்தான். எனக்கு அப்பப் பன்னிரண்டு வயசு.

– தங்கச்சிக்குத் தெரியாதா?

– காய்ச்சல்ல போனாங்கன்னு சொல்லி வளர்த்துட்டேன். அப்பாவும் கடைசி வரைக்கும் அதையேதான் சொன்னார்.

– ஏன்மா?

– பொறந்த அன்னிக்கே சொந்தத்துல ஒருத்தங்க இவளைப் பார்த்து 'தாயை முழுங்கினவ'ன்னு ஒரு வார்த்தை சொன்னாங்க டாக்டர். பச்சைப் புள்ள, கண்ணுகூடத் திறக்கலை. அந்த வார்த்தை என்னைக்கும் இவ காதுல விழக் கூடாதுன்னு அப்பவே நினைச்சேன். அவ்வளவுதான்.

– ம். ஒரு ஸ்கேன் எழுதறேன். கூடவே ரத்தம் சரியா உறையுதான்னு பார்க்க ஒரு பரிசோதனை. இதை இத்தனை வருஷமா யாருமே எழுதலையா?

– யாரும் இவ்வளவு நேரம் உட்கார வைக்கலையே டாக்டர்.

*

– இன்னைக்குத் தனியா வந்திருக்கீங்க?

– பார்லர்ல கல்யாணப் பொண்ணுக்கு மேக்கப். அவ வர முடியாத நாளாப் பார்த்துத்தான் வந்தேன். ஏதாவது கெட்ட சேதின்னா முதல்ல நான் கேட்டுக்கறேன்.

– கெட்ட சேதி இல்லைம்மா. கர்ப்பப்பையில கட்டி எதுவும் இல்லை. ரத்தம் உறையறதுக்குன்னு உடம்புல ஒரு பொருள் இருக்கு. காயம் பட்ட இடத்துல பசை மாதிரி புடிச்சு நிறுத்தும். அது உங்களுக்குக் குறைவு. பொறவியிலேயே குறைவு. அதான் மாசாமாசம் அவ்வளவு போகுது. எவ்வளவு இரும்பு ஏத்தினாலும் அந்த வழியா வெளிய போயிடுது.

– பொறவியிலேயேவா? அப்ப நான் எதையும் தப்பாச் செய்யலையா? சரியா சாப்பிடலை, உடம்பைப் பார்த்துக்கலைன்னு எல்லாரும் என்னைத்தான் திட்டினாங்க.

– நீங்க ஒரு தப்பும் பண்ணலை.

– ...

– அழுங்க, பரவாயில்லை. இந்தாங்க.

– சிரிப்புத்தான் வருது டாக்டர். ஏன் கண்ணுல தண்ணி வருதுன்னு தெரியலை. இது சரியாகுமா?

– குறை போகாது. ஆனா அடக்கி வைக்கலாம். அந்த நாட்களுக்கு ரத்தப்போக்கைக் குறைக்க ஒரு மாத்திரை தர்றேன். இரும்பை நரம்பு வழியா ஏத்திடலாம். இனிமே பல் புடுங்கினாலும் சரி, ஆபரேஷன்னாலும் சரி, முதல்ல இதைச் சொல்லணும். ரத்தம் ஏறினதும் நீங்க வேன் ஓட்டலாம், ரப்பர் ஷீட் இல்லாம.

– டாக்டர்... அப்ப எங்கம்மாவுக்கும்?

– இல்லாதவங்க ரத்தத்தை நான் சோதிச்சுப் பார்க்க முடியாது. ஆனா இது குடும்பத்துல வர்றது. நீங்க பொறந்தப்ப அவங்களுக்கு எப்படி இருந்துச்சு?

– அப்பவே சாகப் பொழைக்கக் கிடந்தாங்கன்னு அப்பா சொல்லியிருக்கார்.

– அப்ப இதுவாத்தான் இருக்கும்னு நான் நினைக்கிறேன். முன்னாடியே தெரிஞ்சிருந்தா மருந்தும் ரத்தமும் தயாரா வச்சுக்கிட்டுப் பிரசவம் பார்த்திருப்பாங்க. உங்க தங்கச்சிக்கும் இது இருக்கலாம். சோதிச்சுடணும். நாளைக்கு அவங்க ஒரு புள்ளை பெத்துக்க நினைச்சா இது தெரிஞ்சிருக்கறது ரொம்ப முக்கியம்.

– அப்ப அம்மா எப்படிப் போனாங்கன்னு அவகிட்ட சொல்லணும்.

– சொல்லணும்மா.

– பெத்தவங்க இல்லாத குறை தெரியாம வளர்த்தேன் டாக்டர். இப்ப நானே எப்படிச் சொல்லுவேன்?

*

– கல்யாணப் பொண்ணு போயாச்சா?

– இப்பத்தான். எல்லாம் பூசி முடிச்சதும் ஒரே அழுகை. ரெண்டு தடவை மை வச்சேன். நீ என்ன திடீர்னு? டாக்டர்கிட்ட நாளைக்குத்தானே போறோம்?

– இன்னைக்கே போயிட்டு வந்துட்டேன்.

– தனியாவா? என்ன சொன்னாங்க? அக்கா, என்ன சொன்னாங்கன்னு கேட்கறேன்ல?

– பதறாதே, பயப்பட ஒண்ணுமில்ல. இந்தத் தடவை நிஜமாவே ஒண்ணுமில்ல. கதவைச் சாத்திட்டு உட்காரு. உனக்குத் தலை சீவி விடறேன்.

– நீயா, எனக்கா? இது என் பொழைப்புக்கா.

– ஸ்கூலுக்குப் போறப்ப தினம் யாரு சீவி விட்டா?

– ஒரு ஜடை மேல நிக்கும், ஒரு ஜடை கீழ தொங்கும். அந்தக் கடுப்புலதான் நான் இந்தத் தொழிலுக்கே வந்தேன்.

– உட்காருடி.

– சரி, உட்கார்ந்தாச்சு. சொல்லு.

– எனக்கு ரத்தம் உறையறது குறைவாம். பொறவியிலேயே அப்படியாம். மருந்து குடுத்திருக்காங்க, சரியா வச்சுக்கலாம்னாங்க. உனக்கும் இருக்கலாம்னு சோதிக்கச் சொன்னாங்க.

– சோதிச்சுட்டாப் போச்சு. ஆனா ஊசின்னா நான் ஊரைக் கூட்டுவேன். நீ வந்து கையைப் புடிச்சுக்கணும்.

– புடிச்சுக்கறேன். இன்னொண்ணு சொல்லணும். கண்ணாடியைப் பார்க்காதே.

– எதிர்லயே கண்ணாடி. வேற எங்க பார்க்கறது? அக்கா, நீ அழறியா?

– அம்மா காய்ச்சல்ல போகலைடி.

– ம்.

– என்ன 'ம்'?

– தெரியும்க்கா.

– என்ன தெரியும் உனக்கு?

– நான் பொறந்தப்ப போனாங்கன்னு தெரியும். மூணாவது படிக்கறப்ப ஒரு கல்யாண வீட்டுக்குப் போனோமே. நீ உள்ள வேலையா இருந்தே. ரெண்டு பேர் என்னைக் காட்டிப் பேசிக்கிட்டாங்க.

– என்ன பேசினாங்க?

– அது எதுக்கு இப்ப.

– அன்னிக்கே ஓடி வந்து எங்கிட்ட ஏன்டி கேட்கலை?

– காய்ச்சல்னு சொல்றப்ப உன் முகம் எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாதுக்கா. அவ்வளவு கஷ்டப்பட்டுச் சொல்லுவே. நம்பலைன்னு காட்டிக்க எனக்கு மனசு வரலை.

– இத்தனை வருஷமாவா?

– நீயும்தானே இத்தனை வருஷமா.

– கிறுக்கி. நான் ஒரு கிறுக்கி, நீ ஒரு கிறுக்கி.

– சீவுக்கா. நிறுத்தாதே.

– இதைக் கேளு. எனக்கு இருக்கற இதே குறை அம்மாவுக்கும் இருந்திருக்கும்னு டாக்டர் சொல்றாங்க. அவங்க பொறக்கறப்பவே கூடப் பொறந்தது. என்னைப் பெத்தப்பவே அவங்களுக்கு ரத்தம் நிக்காம உயிர் போய் உயிர் வந்திருக்கு. ஏன்னு ஒருத்தரும் பார்க்கலை. பார்த்திருந்தா, நீ பொறந்தப்ப மருந்தைப் போட்டு நிறுத்தியிருப்பாங்க. இன்னைக்கு நம்மகூட உட்கார்ந்து என்னையும் உன்னையும் திட்டிக்கிட்டு இருந்திருப்பாங்க.

– ...

– ஏய். என்னடி? ஏதாவது சொல்லுடி. நீ பேசாம இருந்து நான் பார்த்ததே இல்லை. எனக்குப் பயமா இருக்கு.

– அக்கா.

– சொல்லுமா.

– அப்ப... அது நான் இல்லையாக்கா?