நூல் அறுந்த இடங்கள்

எங்கள் தெருவில் தறிச் சத்தம் யாருக்கும் கேட்காது, சார். நின்றால்தான் கேட்கும். செவிலிமேட்டுக்குக் குடிவந்த புதிதில் எனக்கு அது தெரியாது. என் ஊர் மாகறல். எங்கள் வீட்டில் யாரும் தறியில் உட்கார்ந்ததில்லை. தாத்தா அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை பார்த்தார், அப்பா தேவசகாயம் கொத்தனார், நான் கம்ப்யூட்டரில் இசை செய்கிறவன். என் மனைவி ஜீவிதாதான் நெசவுக் குடும்பம். "சீர்னு ஒரு தறியும் ஒரு இருமலும் கொண்டாந்தா" என்று நான் கேலி செய்வேன், அவளும் சிரிப்பாள்.

அவளுக்கு வீசிங் இருந்தது. பட்டு நூலின் பிசிறு ஒத்துக்கொள்ளாது. கைப்பையில் எப்போதும் ஒரு பம்பு வைத்திருப்பாள். வாயில் வைத்து அழுத்தினால் மூச்சு திரும்பிவிடும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நான் மறைத்தேன் என்று நீங்கள் நினைக்கக்கூடாது.

நான் செய்வது பெரிய ஸ்டுடியோ வேலை இல்லை. ஏனாத்தூர் கல்லூரிப் பிள்ளைகளின் குறும்படத்துக்கு இசை, சபைக்கு ஆல்பம், இப்படித்தான். எவ்வளவு செய்தும் என் பாட்டு அடுத்தவன் பாட்டு மாதிரியேதான் இருந்தது. ஒருநாள் அவள் தறியைப் பதிவு செய்து பார்த்தேன். கால் மிதி இறங்குவது தனியாக, குறுக்கு நூலோடு நாடா ஓடுவது தனியாக, அந்த நூலை இறுக்கப் பலகை வந்து அடிப்பது தனியாக. மெதுவாக அடிப்பதை ஒன்று, ஓங்கி அடிப்பதை ஒன்று. ஒவ்வொரு சத்தத்தையும் வெட்டி எடுத்து, கீபோர்டில் ஒரு கட்டைக்கு ஒன்றாக வைத்தேன். நான் விரலை வைத்தால் அவள் தறி பேசும். அவள் எட்டிப் பார்த்து, "என் தறிய திருடிக்கினியாபா" என்றாள். அவள் இருமலையும் ஒரு கட்டையில் வைத்திருந்தேன். அதைக் கேட்டுவிட்டு என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். எங்கள் வீட்டில் இருந்த சந்தோஷத்திலேயே பெரிய சந்தோஷம் அன்றைக்குத்தான்.

மிடி என்றால் என்ன என்று கேட்டீர்கள். அது சத்தம் இல்லை, சார். எந்தக் கட்டையை, எப்போது, எவ்வளவு அழுத்தி அடித்தேன் என்கிற குறிப்பு மட்டும்தான் அது. அதை ஓடவிட்டால், அந்தக் கட்டையில் நான் எந்தச் சத்தத்தை வைத்திருக்கிறேனோ அது கேட்கும். நான் வாசித்தது அதில் இருக்கும், நான் பக்கத்தில் இருக்க வேண்டியதில்லை.

நல்ல சத்தம் வேண்டும் என்றால் அறை அமைதியாக இருக்க வேண்டும். தறி அறையில் சுவரெல்லாம் ஸ்பான்ஜ் ஒட்டினேன். ஜன்னலை அடைத்தேன். தெருவில் ஆட்டோ போனாலே பதிவு கெட்டுப்போகும். அவள் நெய்யும்போது, "நிறுத்து, இன்னொரு தரம் அடி" என்பேன். முதலில் அடித்துக் காட்டினாள். பிறகு ஒருநாள் நாடாவைக் கீழே வைத்துவிட்டு, "நா சேல நெய்யறதா, உனக்கு கச்சேரி பண்றதா? சன்னலத் தொறபா, மூச்சு முட்டுது" என்றாள். இந்த ஒரு பாட்டு முடியட்டும் என்றேன். அந்தப் பாட்டு முடிந்தது, அடுத்தது ஆரம்பித்தது. நான் அவளைக் கை நீட்டி அடித்தவன் இல்லை. அக்கம்பக்கத்தில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

அன்று காலையில் அவள் துணி எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். ஆரணியில் அவள் அண்ணன் குமாரவேல் இருக்கிறார். "அண்ணன் ஊட்டுக்குப் போறேன்" என்றாள். நீங்களும் வீட்டில் தமிழ் பேசுகிறவர்தான். கடைக்குப் போனாலும் நம் ஜனங்கள் போறேன் என்று சொல்வார்களா? போயிட்டு வரேன் என்போம். அவளும் அப்படித்தான் சொல்லுவாள், குழாயடிக்குப் போனாலும். அன்று அந்த 'வரேன்' வரவில்லை. அதைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். எனக்குக் கை ஒடிந்த மாதிரி ஆகிவிட்டது. அவள் போனால் தறி போகும், தறி போனால் என்னிடம் மிச்சம் என்ன? நான் அவளிடம் கெஞ்சினேன். காலைத் தொட்டேன் என்றுகூடச் சொல்லலாம்.

கிளம்புவதற்கு முன்னால் தறியில் கட்டியிருந்த பாவு நூலின்மேல் துணி போர்த்த அவள் தறி அறைக்குள் போனாள். தூசு படியக்கூடாது என்று. நான் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு ஆத்திரமே இல்லை, சார். கோபம் தணிந்ததும் திறந்துவிடலாம் என்று நினைத்தேன், அவள் கோபம். உள்ளேயே கழிப்பறை இருக்கிறது, குடத்தில் தண்ணீர் இருக்கிறது. என்ன குறை?

அவள் கதவைத் தட்டினாள். நான் ஒட்டிய ஸ்பான்ஜ் நல்ல தரம், கூடத்துக்கே மெலிதாகத்தான் கேட்டது. வாசலுக்குக் கேட்க வாய்ப்பே இல்லை.

ஆனால் தெருவுக்கு வேறு ஒன்று கேட்டுவிட்டது. பக்கத்து வீட்டு வடிவாம்பாள் அக்கா சுவருக்கு அந்தப் பக்கம் தறி போட்டிருக்கிறார். வெயில் ஏறுவதற்குள் அவர் குரல் கொடுத்தார். "இன்னா தம்பி, ஜீவிதா தறி நின்னு கெடக்குது? ஒடம்பு சரியில்லியா?" நூல் போடுகிறாள் அக்கா, இதோ உட்கார்ந்துவிடுவாள் என்றேன். சொன்ன பிறகு எப்படிச் சும்மா இருப்பது? ஸ்பீக்கரைக் கூடத்தில், அவர் சுவர்ப் பக்கத்து ஜன்னலில் வைத்தேன். கீபோர்டில் உட்கார்ந்து தறி ஓட்டினேன்.

பதிவு செய்த நெசவை அப்படியே திரும்பத் திரும்ப ஓடவிட்டிருக்கலாம். அந்தத் தெருக்காரர்கள் காதில் அது அரைமணி நேரம்கூட நிற்காது. அதனால் விரலால்தான் வாசித்தேன். மிதி, நாடா, பலகை. ஜீவிதா நெய்யும்போது இடையில் நூல் அறுந்துபோகும். நிறுத்துவாள், முடிபோடுவாள், அடுத்த அடியைப் பூப்போல வைப்பாள். அதையும் வாசித்தேன். அறுந்த நேரம் வெறுமையாக விட்டு, பிறகு மெதுவாக ஒரு பலகை. நடுவில் ஒரு இருமல். வடிவாம்பாள் அக்கா திரும்பத் தன் தறியில் உட்கார்ந்துவிட்டார். என் வாழ்க்கையில் நான் வாசித்ததிலேயே அதுதான் சுத்தமான வாசிப்பு. அதைக் கேட்டுப் பாராட்ட ஒரு ஆள் இல்லை.

மத்தியானம் கதவருகே போய் ஜீவி என்று கூப்பிட்டேன். கீழே, தரையோரமாக அவள் குரல் வந்தது. "பம்பு குடுபா." பம்பு கூடத்தில் அவள் பையில் இருந்தது. ஆரணிக்கு எடுத்து வைத்த அதே பை. எனக்குத் தெரியும். "போவ மாட்டேன்னு ஒரு வார்த்த சொல்லு, தரேன்" என்றேன். இன்னொரு தரம் கேட்டேன். மூச்சு இழுப்பதுதான் கேட்டது. பிடிவாதக்காரி, சார். கல்யாணத்தின்போது அவள் வீட்டில் அத்தனை பேரையும் எதிர்த்துக்கொண்டு வந்தவள். அந்தப் பிடிவாதம் அன்று எனக்கு இனித்தது. பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தேன், ஒரே ஒரு சொல். அதைக் கூடவா கேட்கக்கூடாது ஒரு புருஷன்?

திறந்திருக்கலாம் என்பீர்கள். காலையில் திறந்திருந்தால் அது ஒரு சண்டை. மத்தியானம் திறந்தால் தெருவே கூடும். சாயங்காலம் திறந்தால் அவள் அண்ணன் வருவார், நிச்சயமாகக் கூட்டிப்போவார். நேரம் போகப் போக தாழ்ப்பாள் கனத்துக்கொண்டே வந்தது. அந்த நாள் முழுக்க நான் பட்ட பாட்டை யாரிடம் சொல்வது? சாப்பிடாமல், கர்த்தரே அவள் மனசை மாற்றும் என்று ஜெபம் செய்துகொண்டே வாசித்தேன்.

சாயங்காலம் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தேன். தறி அறையில் என் மைக் இன்னும் உயிரோடு இருந்தது. அதன் கோடு துள்ளியது. அவள் தறியில் உட்கார்ந்து பலகையை அடிக்கிறாள். குரலை ஸ்பான்ஜ் விழுங்கிவிடும், பலகை அடி அப்படி இல்லை, தரை வழியாகவே போகும். கேட்டிருப்பார்கள், தெருவில் எல்லோருக்கும் கேட்டிருக்கும். யாரும் வரவில்லை. காலையிலிருந்து ஓடுகிற தறிதானே.

நான் எழுந்து போகவில்லை. பதிவு செய்யும் பட்டனை அழுத்தினேன். இதைத்தான் நீங்கள் மறுபடி மறுபடி கேட்கிறீர்கள், அதனால் தெளிவாகச் சொல்கிறேன். அவள் சமாதானமாகி நெய்ய உட்கார்ந்துவிட்டாள் என்று நினைத்தேன். நாடா ஓடவில்லையே, வெறும் பலகை மட்டும் எப்படி நெசவாகும் என்றால், அதை நான் அப்போது யோசிக்கவில்லை. தொடர்ந்து வாசித்தேன். இருட்டும் நேரத்துக்கு அவள் ஓய்ந்துவிட்டாள். தூங்குகிறாள், எழுப்ப வேண்டாம் என்று இருந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் எனக்கு விரல் வீங்கியிருந்தது. முதல் நாள் வாசித்த மிடி இருக்கிறதே, அதை ஓடவிட்டேன். அதில்தான் தப்பு நடந்தது. ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் நானே நிறுத்தி வைத்திருப்பேன். எனக்காக ஞாயிற்றுக்கிழமை அவள் தறியைத் தொடமாட்டாள், அது தெருவுக்கே தெரியும். அதைக்கூட யோசித்து வைத்திருந்த எனக்கு, அன்று அமாவாசை என்பது உறைக்கவில்லை. அமாவாசைக்கு எந்தத் தறியும் ஓடாது. அன்று அவள் கோயிலுக்குப் போவாள், அதனால் தறி நிற்கிறது என்றே நான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். தெருவில் அத்தனை தறியும் ஓய்ந்திருக்க, எங்கள் வீட்டில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

வடிவாம்பாள் அக்கா தலைக்குக் குளித்த ஈரத்தோடு வந்து வாசலில் நின்றார். "இன்னா தம்பி இது, அமாவாச அன்னிக்கி தறி ஓடுது?"

"அவசரச் சேல அக்கா, கல்யாணத்துக்கு."

"எந்த அவசரத்துக்கும் அமாவாசையில ஊட நூல தொடாதவபா அவ." வாசற்படியில் நின்றபடியே உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். "ஜீவிதா."

தறி ஓடியது. யாராவது கூப்பிட்டால் நெய்கிறவர்கள் கையை நிறுத்துவார்களாம். எனக்கு எப்படித் தெரியும்? நான் கூப்பிட்டால் அவள் நிறுத்தாமல் நெய்துகொண்டே பேசுவாள்.

"ஏ ஜீவிதா, நாந்தான்." தறி ஓடியது. நூல் அறுந்தது, முடிபோடும் நேரம் போனது, பூப்போல ஒரு அடி. பிறகு இருமல். அக்கா என் இரண்டு கையையும் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். என்னைத் தள்ளிவிட்டு உள்ளே போனார். கூடத்தில் ஜன்னலைப் பார்த்தபடி ஸ்பீக்கர், தறி அறைக் கதவில் வெளிப்பக்கம் போட்ட தாழ்ப்பாள். தாழ்ப்பாளை எடுத்தார். உள்ளே போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை.

ஜீவிதா தறிக்குழியில் கால் வைத்தபடியே பலகைமேல் சாய்ந்திருந்தாள் என்று நீங்கள் சொல்லித்தான் தெரியும். நான் பார்க்கவில்லை. ஸ்பீக்கரை நிறுத்தக்கூட எனக்குத் தோன்றவில்லை. தெருக்காரர்கள் கூடிய பிறகும் அவள் தறி ஓடிக்கொண்டுதான் இருந்தது. யாரோ ஒயரைப் பிடுங்கினார்கள்.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். கதவைச் சாத்தியது நான். பம்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்தும் கொடுக்காதது நான். அவள் செத்தது என்னால். 'ஒரு வாரம் இருந்துட்டு வரேண்ணா, நல்ல காத்து வேணும்' என்று அவள் போனில் சொல்லியிருந்ததாகக் குமாரவேல் சொன்னாராம். என்னிடமும் அந்த வரேனைச் சொல்லியிருக்கலாம்.

ஒன்றே ஒன்று மட்டும் உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன். என் கம்ப்யூட்டரை எடுத்து வந்திருக்கிறீர்கள், அதில் சாயங்காலம் பதிவானதைப் போட்டுப் பாருங்கள். மேல் வரியில் என் விரல்கள், கீழ் வரியில் அவள். நான் ஓட்டிக்கொண்டிருக்கும்போது அவள் வரி வெறுமையாக இருக்கும். நூல் அறுந்ததென்று நான் நிறுத்துகிற இடத்தில் எல்லாம் அவள் பலகை விழும். என் சத்தம் ஓயும் நேரம் பார்த்து அவள் தெருவைக் கூப்பிட்டாள் என்று வடிவாம்பாள் அக்கா அழுதாராம். அவருக்கு இசை தெரியாது, சார். கடைசி அடிவரைக்கும் ஒரு இடத்தில்கூட அவள் என் சத்தத்தின்மேல் ஏறி அடிக்கவில்லை. என்னை விட்டுப் போகிறவளாக இருந்தால், எனக்கு இப்படி இடம் விட்டு இடம் விட்டு வாசித்திருப்பாளா?