மோசமான ஓட்டத்தைக் கழிக்கும் விதி

சராசரியை எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறார்கள், ஐயா. அதைப் போட்டுக் கொடுப்பதுதான் என் பிழைப்பு என்றாலும், நான் அவ்வளவாக நம்புவதில்லை.

விளையாட்டரங்கப் படிக்கட்டுகளுக்கு அடியில் என் அறை. வீராங்கனைகளின் நேரங்களை ஒப்பிட்டு, யார் தேறுவார் என்று சொல்வேன். முடிவைக் கேட்டதும் போய்விடுவார்கள். நான் சாப்பிட்டேனா என்று கேட்க நாதியில்லை. சுண்டெலி மட்டும் வேறு மாதிரி. தடை ஓட்டக்காரி, ஆள் சின்னது, வாய் பெரியது. பயிற்சி முடிந்ததும் வந்து என் மேசைமேல் ஏறி உட்கார்ந்துகொள்வாள்.

“அண்ணா, நெட்டச்சியவிட நான்தானே வேகம்?”

“நீ ஒரு நாள் பறக்குற, ஒரு நாள் தூங்குற. அவ எப்பவும் ஒரே மாதிரி ஓடுறா. சராசரி ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்.”

“அப்ப தூங்குறத விட்டுடுறேன்.”

விட்டும் விட்டாள். தேர்வு ஓட்டங்களில் நெட்டச்சியை முந்திக்கொண்டே வந்தாள். முதலாவதாக வருபவள் தேசிய முகாமுக்குப் போவாள். போனவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை. அதை நினைத்தாலே எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கால் பட்டால் தடை சரிந்துவிட வேண்டும். அதற்காக அடியில் நகர்த்தக்கூடிய எடை ஒன்று உண்டு. அவள் பாதையில் ஒரே ஒரு தடையின் எடையை மாற்றி வைத்தேன். தடை சரியவில்லை, அவள் விழுந்தாள். முழங்கால் சிராய்த்ததோடு சரி. நொண்டிக்கொண்டே ஓடி முடித்தாள்.

பயிற்சியாளர் என் தோளைத் தட்டினார். “வழக்கம்போல மோசமான ஒண்ணக் கழிச்சுடுங்க. பாவம், நல்லா ஓடுற பொண்ணு.”

எங்கள் விதி அது. ஒவ்வொருவருக்கும் மிக மோசமான ஓட்டத்தை நீக்கிவிட்டுத்தான் சராசரி எடுப்போம். நீக்கிப் பார்த்தேன், அவள்தான் முதல். ஒரு முறை விழுந்தது போதாது என்று அப்போதுதான் உறைத்தது. விதி அப்படி இருந்தால் நான் என்ன செய்வது?

கடைசி ஓட்டத்துக்கு நடுத்தடையைத் தேர்ந்தெடுத்தேன். அவள் வேகம் உச்சத்துக்குப் போகும் இடம் அதுதான் என்று கணக்குப் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. நடப்பதே சந்தேகம் என்கிறார்கள். ஆனாலும் இனி அவள் எங்கேயும் போக மாட்டாள் அல்லவா?

எடையை மாற்றியது யார் என்று விசாரித்துக்கொண்டே இருக்கிறாளாம். நான்தான் என்று நீங்கள் போய்ச் சொல்லிவிடாதீர்கள், ஐயா. நானே பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாக விளக்குகிறேன். நான் சொன்னால் புரிந்துகொள்வாள்.