ஞாயிற்றுக்கிழமைப் பிள்ளை

எங்கள் வீட்டுத் தேத்தண்ணியில் சீனி இருக்காது, மிஸ். குறை நினைக்க வேண்டாம். எனக்குச் சீனி வருத்தம் வந்த நாளிலிருந்து வாங்குவதை விட்டுவிட்டேன். குசினியில் கித்துள் கருப்பட்டி இருக்கிறது. ஆனால் அது வட்டிலாப்பம் அவிக்க என்று எடுத்து வைத்தது, அதில் ஒரு துண்டுகூட உடைக்க முடியாது. இஞ்சி தட்டிப் போட்டிருக்கிறேன், குடித்துப் பாருங்கள். இஞ்சி போட்டால் வேறு எந்தக் கசப்பும் தெரியாது.

பொலிஸிலிருந்து தமிழ் பேசுகிறவரை அனுப்பியது நல்லதாகப் போயிற்று. என் சிங்களம் கடைச் சிங்களம். துணி கிழித்துக் கொடுக்கலாம், விலை பேசலாம். மனதில் இருப்பதைச் சொல்ல வராது.

கீழே இருக்கும் புடவைக் கடை என் கணவருடையது. அவர் மவுத்தான பிறகு நான்தான் பார்க்கிறேன். லிந்துலை பஜாரில் றுக்கையா என்று கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள். தோட்டத்துப் பிள்ளைகள் பாதிப்பேர் என் கடைச் சீருடைத் துணியில்தான் பள்ளிக்கூடம் போகிறார்கள். ஒரே மகன் ஃபாஸில். மெல்பேர்னில் இருக்கிறான். நல்ல பிள்ளை. பெருநாளைக்கு ஃபோன் எடுப்பான். "உம்மா, சொகமா ஈக்கிறீங்களா? மருந்து போடுறீங்களா?" என்று கேட்பான். நான் பதில் சொல்வதற்குள் அங்கே யாரோ கூப்பிடுவார்கள். பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் வராது, கையைக் காட்டுவார்கள். நானும் கையைக் காட்டுவேன்.

மற்ற நாட்களில் கடையைப் பூட்டிவிட்டு மேலே வந்தால் பேச ஆள் இல்லை. பனி மூடினால் எதிர்க்கடைப் போர்டுகூடத் தெரியாது. டீவியைச் சத்தமாக வைத்துக்கொண்டு சாப்பிடுவேன். தனிமை என்று பெரிதாகச் சொல்ல எனக்கு வெட்கம். ஆனால் அது தனிமைதான்.

ஷாமிலாவைக் கண்டுபிடித்தது நான். அதை எழுதிக்கொள்ளுங்கள். அவளுடைய அம்மா அழகம்மா மேல்தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள், அப்பா இல்லை. சாதாரண தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளை, மேலே படிக்க வசதி இல்லாமல் என் கடைக்கு வேலை கேட்டு வந்தாள். அந்த வாரம் பெருநாள். ஃபாஸில் ஃபோனை வைத்துவிடப் போகிறானே என்று அவளைப் பற்றிச் சொல்லி வைத்தேன். அவன் ஃபோனை வைக்கவில்லை. "பாவம் உம்மா. அவள நான் படிப்பிக்கிறேன். டியூஷன், பஸ், புத்தகம் எல்லாம் என்ட பொறுப்பு" என்றான். அங்கே அவனுடைய கூட்டாளிகள் பலரும் இப்படி ஊரில் ஒரு ஏழைப் பிள்ளையைப் படிக்க வைக்கிறார்களாம்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் எடுத்தான். ஷாமிலா டியூஷன் முடிந்து நேரே இங்கே வருவாள். நான் ஃபோனைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருப்பேன். அவன் பாடம் கேட்பான். அவள், "அங்க கங்காரு ரோட்டுக்கெல்லாம் வருமாண்ணே?" என்று கேட்பாள். அவன் விழுந்து விழுந்து சிரிப்பான். என் மகன் சிரிப்பது எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது. அவன் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு அவளும் என்னை உம்மா என்றாள். "தங்கச்சி, உம்மா மெலிஞ்சிட்டாவா?" என்று அவளிடம்தான் கேட்பான். யாரிடம் கேட்டால் என்ன, கேட்டானே.

எனக்குக் கண் மங்கல். ஏழு நாளைக்கான மருந்துக் குளிசைகளைப் பிரித்து டப்பாவில் போட்டுத் தருவதும் அவள்தான். விஞ்ஞானம் படிக்கிற பிள்ளையல்லவா, ஒவ்வொன்றும் எதற்கு என்று விளக்குவாள். "உம்மா, இந்தக் குளிசைய மட்டும் வெறும் வயித்துல போட்டுறாதீங்க. சீனி மளமளன்னு எறங்கிரும். மயங்கி விழுந்துருவீங்க" என்று ஒருநாள் சொன்னாள். எவ்வளவு கரிசனம் பாருங்கள்.

ஒரு ஞாயிறு தோட்டத்தில் சாவு வீடு, அவள் வரவில்லை. ஃபாஸில் எடுத்தான். "தங்கச்சி இல்லயா? அப்ப பொறகு எடுக்கிறேன் உம்மா" என்றான். அடுத்த ஞாயிறுதான் எடுத்தான்.

உயர்தரப் பரீட்சை நெருங்கியபோது அவன் சொன்னான்: "இவ பாஸ் பண்ணி கெம்பஸ் போயிட்டா நம்ம கடமை முடிஞ்சிச்சி. நீங்களும் ஞாயித்துக்கிழமைல ரெஸ்ட் எடுக்கலாம் உம்மா."

ரெஸ்ட். எனக்கு ஏழு நாளும் ரெஸ்ட்தான், மிஸ்.

மழைக்காலத்தில் மேல்தோட்டத்து பஸ்ஸை நம்ப முடியாது. அதனால் பரீட்சை முடியும்வரை அவள் இங்கே தங்கட்டும் என்றேன். அழகம்மா அவளுடைய உடுப்புப் பையோடு கொண்டுவந்து விட்டாள். "நீங்க பாத்துக்குவீங்கன்னுதான் நிம்மதியா மலைக்கு வேலைக்கு போறேங்க" என்று கண் கலங்கினாள். ஃபாஸிலின் அறையில், அவன் கட்டிலில் படுக்க வைத்தேன். பரீட்சை அன்று காலையில் பயத்தில் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வெறும் வயிற்றோடு போகக் கூடாது என்று இஞ்சித் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். அதில் அந்தக் குளிசையைப் பொடித்துப் போட்டிருந்தேன்.

கோப்பையைக் கீழே வைத்துவிட்டீர்கள். உங்களுடையதில் ஒன்றும் இல்லை, மிஸ். வேண்டுமானால் நான் ஒரு மிடறு குடித்துக் காட்டுகிறேன்.

பரீட்சை மண்டபத்தில் வியர்த்து விழுந்தாளாம். ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றியதும் எழுந்துவிட்டாள். தோட்ட லயத்துப் பிள்ளை, இரத்தம் குறைவு, பரீட்சைப் பயம் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். யாரும் பொய் சொல்லவில்லை, அவர்களுக்குத் தோன்றியதைச் சொன்னார்கள். ஃபாஸில் அன்றிலிருந்து தினமும் எடுத்தான். அவளுக்கு என்ன கொடுக்கிறேன், ஈரல் சூப் கொடுக்கிறேனா என்று என்னிடம் கேட்டான். என்னிடம். நானும் கொடுத்தேன், மிஸ். என் கையால் ஆட்டு ஈரல் வாங்கி, சூப் வைத்து, ஊட்டாத குறையாகக் கொடுத்தேன். அந்தப் பிள்ளை மேல் எனக்கு இருந்த பாசத்தில் கலப்படம் இல்லை.

அந்தத் தடவை தவறிப்போயிற்று. உயர்தரம் மூன்று தடவை எழுதலாம் என்பது உங்களுக்குத் தெரியும். இரண்டாவது வருடமும் இங்கேதான் தங்கினாள், இரண்டாவது வருடமும் மண்டபத்தில் மயங்கி விழுந்தாள். அழுதாள். நான்தான் மடியில் போட்டுத் தலையைத் தடவினேன். "இன்னொரு வருஷம் பாப்போம் உம்மா, பாதியில விடேலாது" என்றான் ஃபாஸில். இன்னொரு வருடம் ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன.

மூன்றாவது தடவை நான் யோசிக்காமல் இல்லை. பாஸ் பண்ணினால் போய்விடுவாள், அவளோடு அந்த அழைப்பும் போய்விடும். மூன்றும் தவறினால் எங்கே போவாள்? மலையில் கூடை சுமக்க நான் விட்டிருக்க மாட்டேன். கடையில் நிற்பாள், மேலே என்னோடு சாப்பிடுவாள், ஃபாஸில் பாவம் பார்த்து எடுத்துக்கொண்டே இருப்பான். ஒருவருக்கும் நட்டமில்லாத ஏற்பாடு என்றுதான் நினைத்தேன்.

ஆனால் இந்தமுறை அவள் மறுபடி மயங்கிவிடுவோமோ என்று பயந்து நன்றாகச் சாப்பிட்டாள். அழகம்மா ரொட்டி சுட்டு அனுப்பியிருந்தாள். அதனால் குளிசையைக் கொஞ்சம் கூட்டிப் போட வேண்டியதாயிற்று. அவள் ஒரு வாய் குடித்துவிட்டு, "இன்னைக்கு இஞ்சி தூக்கலா இருக்கு உம்மா" என்றாள். பிறகு முழுவதும் குடித்தாள். உம்மா தந்ததை மிச்சம் வைக்க மாட்டாள். போகும்போது என் டப்பாவை எடுத்து, "இதுல கொறையுதே, ரெண்டு தடவ போட்டுட்டீங்களா?" என்று கேட்டாள். கண் தெரியவில்லை மகள் என்றேன். பரீட்சை முடிந்து வந்து ஒழுங்காகப் பிரித்து வைக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இப்போது கண்டி ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடக்கிறாள். இனித் திறந்தாலும் பழைய ஷாமிலாவாக இருக்க மாட்டாள் என்று டொக்டர் சொன்னதாக நீங்கள்தான் சொன்னீர்கள். அழகம்மா கட்டில் காலடியில் உட்கார்ந்திருக்கிறாளாம். அவளை நினைத்தால்தான் எனக்குத் தாங்கவில்லை. நான்தான் கொடுத்தேன். மூன்று தடவையும் நான்தான். அந்தத் தாய்க்கும் பிள்ளைக்கும் ஒன்றும் தெரியாது. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ சொல்லுங்கள், போடுகிறேன்.

ஒரே ஒரு உதவி. ஃபாஸில் நாளைக்கு விடிய கட்டுநாயக்க ஏர்போட்டில் இறங்குகிறான். போன பிறகு ஒருமுறையும் வராத பிள்ளை, வாப்பாவின் மையித்து அடக்கத்துக்கும் லீவு கிடைக்காத பிள்ளை, செய்தி கேட்ட உடனேயே டிக்கெட் போட்டுவிட்டான். வட்டிலாப்பம் என்றால் அவனுக்கு உயிர். அவன் வந்து ஒரு வாய் சாப்பிடும்வரை என்னை இங்கே இருக்க விடுங்கள்.

நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறேன், வீட்டுக்கு வர நேரம் இருக்குமோ தெரியாது என்று ஃபோனில் சொன்னான். பதற்றத்தில் அப்படிச் சொல்கிறான், மிஸ். அவ்வளவு தூரத்திலிருந்து ஒரு பிள்ளை யாரைப் பார்க்க வருவான்? உம்மாவைப் பார்க்கத்தானே வருகிறான்.