மூன்று லாடம் சத்திரத்தின் திட்டிவாசல்

என் பெயர் வினிஃப்ரெட் ஹார்ட்னால். வயது எண்பத்தொன்று. ஆஷ்கோம் ஊரில் தேவாலயச் சந்தில் வசிக்கிறேன். மூன்று லாடம் சத்திரத்தை நடத்திவந்த காலஞ்சென்ற கத்பர்ட் ஹார்ட்னாலின் மனைவி. கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவள் என்பதால், நான் சொல்லும் சொற்களையே எழுதும்படி, இந்த வாக்குமூலத்தைப் பதிவுசெய்யும் அதிகாரியிடம் கேட்டுக்கொண்டேன்.

சத்திரத்தை இப்போது வாங்கியிருக்கும் திரு. பெல்லோஸ், முற்றத்தின் ஊடே போகும் பாதையை அடைக்க விரும்புகிறார். அடைத்தால் பின்னாலுள்ள தோல்காரர் தெருவினர் கடைவீதிக்கு வர ஆற்றைச் சுற்ற வேண்டும். வருடத்தில் ஒரு நாள் அடைத்துவைத்த வழி ஊருக்குச் சொந்தமாகாது என்பது இங்கே சத்திரம் நடத்திய எல்லோருக்கும் தெரியும். ஆகவே தபால் வண்டிகள் வந்துபோன காலம் முதல், கிறிஸ்துமஸ் அன்று என் கணவரின் குடும்பத்தார் முற்றத்து நுழைவு வளைவின் பெரிய கதவுகளைப் பூட்டிவந்தார்கள். என் கணவரும் பூட்டிவிட்டு வந்து, "அடைச்சாச்சு வினி. இன்னும் ஒரு வருஷத்துக்கு முற்றம் நம்மளுதுதான்" என்பார். இதைச் சொல்லவே திரு. பெல்லோஸின் வழக்கறிஞர் என்னைச் சாட்சியாக அழைத்தார். சம்மதித்தேன்.

அதன் பிறகு சென்ற செவ்வாயன்று ரொட்டிக்கடையில் தோல்காரர் தெருவின் திருமதி க்ளெக்கைச் சந்தித்தேன்.

"எங்க வீட்டு அடுப்புல புறாகூட நுழையாது. கிறிஸ்துமஸ் வாத்தைச் சுடறதே இந்தக் கடை அடுப்புலதான். வருஷா வருஷம் அன்னிக்கு உங்க முற்றத்து வழியாத்தானே தூக்கிட்டு வந்தேன்" என்றார்.

"பூட்டின கதவு வழியாவா? வாத்து உன்னைத் தூக்கிட்டுப் பறந்துச்சா?"

"பெரிய கதவுக்குள்ளதான் சின்னக் கதவு இருக்கே, ஹார்ட்னால் அம்மா. தட்டைக் கொஞ்சம் சாய்க்கணும், அவ்வளவுதான்."

நான் நம்பவில்லை. அதன் பிறகு வீட்டுக்குப் போய்த் தையல் இயந்திர எண்ணெயை எடுத்துக்கொண்டு சத்திரத்துக்குச் சென்றேன். திட்டிவாசல் எனும் அந்தச் சின்னக் கதவின் தாழ்ப்பாள் மேல் பச்சை வண்ணம் அடுக்கடுக்காக ஏறி இறுகியிருந்தது. எண்ணெய் விட்டு நகர்த்தினேன். அது எதிர்மரத்தில் முட்டி நின்றது. தாழ் நுழையத் துளை இல்லை. பழைய துளையை அடைத்த தடமும் இல்லை.

திரு. பெல்லோஸ் வெளியே வந்து, "என்ன தேடறீங்க மேடம்?" என்றார்.

"ஒரு துளை."

"கிடைச்சுதா?"

"இல்லை. உங்களுக்கு அதுதான் சங்கடம்."

வழியில் அச்சு முறிந்த வண்டியின் பயணிகள் எந்நேரமும் நடந்து வரக்கூடும் என்பதால், அந்தக் காலத்தில் துளையே வைக்காமல் விட்டிருக்கலாம். இது என் ஊகம், எழுத வேண்டாம் என்றேன். அதிகாரி எழுதிவிட்டார், இருக்கட்டும்.

பெரிய கதவுகளைப் பற்றி மட்டும் சொன்னால் போதும் என்று வழக்கறிஞர் இன்று காலை கேட்டுக்கொண்டார். பெரிய கதவுகள் பூட்டப்பட்டன. திட்டிவாசல் ஒருநாளும் தாழிடப்படவில்லை. இரண்டையும் சொல்கிறேன்.

என் கணவருக்கு இது தெரியுமா என்று அதிகாரி கேட்டார். ஆண்டுதோறும் அந்தத் தாழ்ப்பாளுக்கு வண்ணம் அடித்தவர் அவரே. அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

இதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். இரண்டு இடங்களில் திருத்தினேன். இப்போது இதில் உள்ளது முழுவதும் உண்மை.

(ஒப்பம்) வினிஃப்ரெட் ஹார்ட்னால்