கெல்ஸ்வித் பேரு எங்களுக்கு வந்த விதம்

இந்த மலைக்கு ரோடு ஏறாத காலம்யா அது. இந்த மஞ்சப்பாறை எஸ்டேட்டுல தேயிலை அப்பதான் இடுப்பு உசரம். திருநெல்வேலிச் சீமையில இருந்து, ஆள் சேக்குற வியாகுலம் கங்காணி ஓட்டிக்கிட்டு வந்த சனம்தான் லயத்துல, அந்த வரிசை வீடுகள்ல எல்லாம். அதுல ஒருத்தி செபத்தியாள். பங்களாவுல கூட்டிப் பெருக்கப் போனா. தொரை பேரு கெல்ஸ்வித். அதுக்கு மேல என்னத்தச் சொல்ல? அவளுக்கு ஒரு ஆம்பளப் புள்ள பிறந்துச்சாம், பூனைக் கண்ணோட.

புள்ள நடக்குற வரைக்கும் தொரை கண்டுக்கல. சீமையில இருந்து பொண்டாட்டி கப்பல் ஏறிட்டான்னு தெரிஞ்சதும் வியாகுலம் கங்காணியக் கூப்பிட்டான். "இதக் கொண்டுபோய் மெட்ராசுல அநாதை மடத்துல விட்டுட்டு வா"ன்னுட்டான். அவ்வளவுதான், முடிஞ்சுபோச்சு.

செபத்தியாள் கங்காணி கால விடல. "ஐயா, எம்புள்ள என்ன பேருல வளருவான்? அதையாவது கேட்டுச் சொல்லுங்க!" வராந்தாவுல நின்னுக்கிட்டு தொரையே சொன்னானாம், "என் பேருதான், கெல்ஸ்வித். போ, போய்க் கொழுந்து எடு."

அந்த ஒத்தப் பேரப் புடிச்சுக்கிட்டா பாருங்க. லயத்துல அவதான் பிரசவம் பாப்பா. எந்த வீட்டுல புள்ள பிறந்தாலும் அரிசி வாங்கமாட்டா, சேலை வாங்கமாட்டா. "புள்ள பேருக்குப் பின்னால கெல்ஸ்வித்துன்னு போடுங்க, அது போதும்"பாளாம்.

"எதுக்குடி அந்தப் பாவி பேரு?"ன்னு கேப்பாங்க.

"எம்மவன் வளந்து அந்தப் பேரச் சொல்லித் தேடிக்கிட்டு வருவான்ல? நான் செத்தே போயிருந்தாலும், அவன் எந்தக் கதவத் தட்டினாலும், 'ஆமாய்யா, நம்ம பேருதான், உள்ள வா'ன்னு சொல்ல ஆளு வேணும்ல?"

இப்படித்தான் ஆரோக்கியம் கெல்ஸ்வித், மாடசாமி கெல்ஸ்வித், பேச்சியம்மா கெல்ஸ்வித். சிரிக்காதீங்க. என் பேரும் சவரிமுத்து கெல்ஸ்வித்துதான்.

வருசம் ஓடுச்சு. தொரை சீமைக்கே போயிட்டான். வியாகுலம் கங்காணி சாகக் கிடந்தப்ப லயத்து ஆளுகளக் கூப்பிட்டுச் சொன்னானாம், "அந்தப் பேர செபத்தியாள் மவனுக்கு வைக்கவே இல்லப்பா. தன் பேரு வெளிய வரக்கூடாதுன்னு தொரை வேற பேரு சொல்லி அனுப்பினான். என்ன பேரோ, மறந்துபோச்சு." மறந்துபோச்சாம்! நாசமாப் போறவன்!

இத அவகிட்ட யாரு சொல்லுவா? அவ பிரசவம் பாத்துக்கிட்டே இருந்தா, லயத்து சனம் அந்தப் பேர வச்சுக்கிட்டே இருந்தாங்க. பேரு வைக்கிற அன்னைக்கெல்லாம் அந்த வீட்டு வாசப்படியில ஒரு டம்ளர் தேத்தண்ணி வைப்பாளாம், மலை ஏறி வாரவனுக்குத் தாகமா இருக்கும்னு. சாகுற வரைக்கும் வச்சா.

போன வருசம் இங்கிலாந்துல இருந்து ஒரு அம்மா வந்துச்சு. அவங்க நாட்டுல அந்தப் பேருல அந்தம்மா ஒண்ணுதான் மிச்சமாம். இங்க வீட்டுக்கு வீடு கெல்ஸ்வித்துன்னு கேட்டதும் அதுக்குக் கண்ணு கலங்கிருச்சு. "எங்க பேரு இங்க பொழச்சுக் கிடக்கே!"ன்னுச்சு. எனக்கு வந்துச்சே கோவம்! "உங்க பேரு இல்ல தாயி, அது செபத்தியாள் வாங்குன கூலி"ன்னேன்.

இப்பவும் எங்க லயத்துல புள்ளைக்குப் பேரு வச்சா வாசப்படியில ஒரு டம்ளர் தேத்தண்ணி இருக்கும். யாரும் தொடமாட்டோம். ஆறிப்போனதும் தேயிலைத் தூருல ஊத்திருவோம். இந்த மலையில அத்தன சனத்துக்கும் அந்தப் பேரு இருக்கு. செபத்தியாள் மவன் ஒருத்தனுக்குத்தான் இல்ல.