கேட்காமல் அழித்த பெயர்

அவையை நடத்தும் அம்மையீரே, முன்வரிசை மூத்தோரே, அன்பால் எங்களை ஆளும் அன்னையரே, சொந்த வண்டியில் நோயாளிகளை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் தொண்டர்களே, வணங்குகிறேன்.

கைதட்ட வேண்டாம். ஆறாண்டு உங்கள் தலைவனாக இருந்தவன், பெருமை பேச எழவில்லை. பிழை பேச எழுந்திருக்கிறேன்.

சொல்லாமல் மூன்று முறை பணிக்கு வராத தொண்டரின் பெயரை நீக்குவது நம் விதி. எழுதியவன் நான். பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர் ஒருவர் நம்மிடம் இருந்தார். சிறுநீரகச் சிகிச்சைக்குப் போகும் தையற்கார அம்மாவை, மூன்றாம் மாடியிலிருந்து கைத்தாங்கலாக, சிரிக்கவைத்தபடியே இறக்கிக் கூட்டிப்போவார். அவர் மூன்று முறை வரவில்லை.

"ஒரு போன் போட்டுக் கேட்டுடலாமே அண்ணே" என்றார் செயலாளர் அம்மா.

"விதின்னா எல்லாருக்கும் விதிதான்மா" என்றேன்.

எல்லாருக்குமா? என் மைத்துனர் ஐந்து முறை வராதபோது, "பாவம், வேலை ஜாஸ்தி" என்று விட்டவன் யார்? நானல்லவா? உறவுக்குப் பரிவு, ஊராருக்கு விதி! இதுவா நீதி? இதுவா நேர்மை? என்ன ஐயா, "விடுங்க தலைவரே" என்கிறீர்களா? விட்டு விட்டுத்தானே இங்கே வந்து நிற்கிறோம்!

தொண்டர் பலகையில் ஓட்டுநரின் பெயரை அழித்தேன். அவருக்குப் பதிலாகப் போனவர் கீழே நின்று ஹாரன் அடித்தார். மாடியேற விதி சொல்லவில்லையே! படிக்கு அஞ்சிய அம்மா, "அடுத்த வாரம் போறேன்" என்றார். அடுத்த வாரமும் அதையே சொன்னார். அதற்கடுத்த வாரம் அவருக்கு வாய்க்கவில்லை.

துக்க வீட்டில் அந்தப் பழைய ஓட்டுநரைப் பார்த்தேன்.

"கண்ணு மங்கிடுச்சு தலைவரே. மழை பெஞ்சா ரோடே தெரியல. சொல்ல வெட்கமா இருந்துச்சு. பலகையில பேர் இல்லன்னதும், நான் வேணாம்னு முடிவு பண்ணிட்டீங்கன்னு ஒதுங்கிட்டேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தா, வண்டிய வேற யாராவது ஓட்டட்டும், நான் கூடப் போறேன்னு சொல்லியிருப்பேனே."

பெரியோர்களே, விதியே வேண்டாம் என்று சொல்லவில்லை. விதி இல்லாவிட்டால் மைத்துனர்கள் பெருகிவிடுவார்கள்! ஆனால் விதியை மட்டும் பிடித்துக்கொண்டு ஓர் உயிரை விட்டோம். ஆகவே இன்று ஒரு திருத்தம் கொண்டுவருகிறேன். மூவர் நேரில் போய்க் கேட்காமல் எவர் பெயரையும் நீக்கக் கூடாது. முடிவின் காரணத்தை எழுதிவைக்க வேண்டும். தலைவரின் உறவினர் விவகாரம் என்றால், தலைவர் அறையை விட்டு வெளியேற வேண்டும்.

இது அந்த அம்மாவைத் திருப்பித் தராது. தெரியும். தெரிந்தே கேட்கிறேன், கை உயர்த்துங்கள்.

இவ்வளவு நேரம் நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டீர்கள். நான் அந்த ஓட்டுநருக்குச் செய்யாததை நீங்கள் எனக்குச் செய்தீர்கள். நன்றி, வணக்கம்.